முகப்பரு ஆறிய பின்னும் மறையாத குழிகள்: வடுக்கள் ஏன் உருவாகின்றன, எந்த வடுவுக்கு எந்தச் சிகிச்சை?

கொல்கத்தா: துர்கா பூஜை நெருங்கும் வாரங்களில் கொல்கத்தாவின் துணிக்கடைகளைப் போலவே அழகு நிலையங்களிலும் தோல் மருத்துவமனைகளிலும் கூட்டம் பெருகுகிறது. முகப்பரு விட்டுச் சென்ற குழிகளையும் கறைகளையும் பூஜைக்குள் போக்கிவிட வேண்டும் என்ற அவசரத்துடன் வருவோர் பலர். தீபாவளிக்கும் திருமணத்துக்கும் முன்பாகத் தமிழகத்தின் ஊர்களிலும் இதே காட்சியைக் காணலாம். ஆனால் பரு வடுவின் இயல்புக்கும் பண்டிகை நாள்காட்டிக்கும் ஒத்துப்போவதில்லை. மூன்று வாரங்களில் எந்தக் குழியும் நிரம்பாது. அவசரத்தில் செய்துகொள்ளும் சில சிகிச்சைகள், சரியாக விழா நாளன்று முகத்தை முன்பைவிடக் கருமையாகக் காட்டவும் கூடும்.

முகப்பரு உலகெங்கும் மிகப் பரவலாகக் காணப்படும் தோல் நோய்களில் ஒன்று. 2010ஆம் ஆண்டின் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீட்டின்படி, உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 9.4 சதவீதத்தினருக்கு முகப்பரு இருந்தது. மிகப் பரவலான நோய்களின் வரிசையில் அதற்கு எட்டாவது இடம். "வயதுக் கோளாறு, தானே போய்விடும்" என்று வீட்டில் சொல்வது பருவைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மைதான். வடுவைப் பொறுத்தவரை அது உண்மையன்று. பரு போய்விடும், அது தோண்டிய குழி தானாக மூடிக்கொள்வதில்லை.

கறை வேறு, வடு வேறு

சிகிச்சைக்கு வருவோரில் பலர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இது. பரு ஆறிய இடத்தில் பழுப்பாகவோ கருமையாகவோ தங்கும் புள்ளி, விரலால் தடவினால் சமமாக இருக்கும்; பள்ளமோ மேடோ தெரியாது. அது வடுவன்று. அழற்சியின் விளைவாகத் தோலின் நிறமி அங்கு கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. இந்தியரின் மாநிறத் தோலில் இத்தகைய கறை மிக எளிதில் உண்டாகிறது. வெயிலிலிருந்து பாதுகாத்து, புதிய பருக்கள் வராமல் பார்த்துக்கொண்டால், மாதங்கள் செல்லச் செல்ல அது மங்கும். அசெலாயிக் அமிலம், அடாபலீன் போன்ற பூச்சு மருந்துகள் அந்த மங்கலை விரைவுபடுத்துகின்றன. இதற்கு லேசரோ ஊசியோ தேவைப்படுவது அரிது.

வடு என்பது தோலின் அமைப்பே மாறிப்போன நிலை. மயிர்க்காலின் உட்புறத்தில் எண்ணெய்ச் சுரப்பு பெருகுகிறது. இறந்த தோல் செல்கள் வாயை அடைத்துக்கொள்கின்றன. தோலில் இயல்பாக வாழும் குட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற நுண்ணுயிரி அங்கே பெருகுகிறது. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு அதற்கு எதிராக அழற்சியை உண்டாக்குகிறது. அழற்சியின் வேகத்தில் மயிர்க்காலின் சுவர் உடைந்தால், உள்ளிருந்தவை சுற்றியுள்ள உள்தோலில் சிந்துகின்றன. அங்கே வெளிப்படும் நொதிகள், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளைக் கரைக்கின்றன. பழுது பார்க்கும் பணியில் உடல் போதுமான கொலாஜனை மீண்டும் நெய்யாவிட்டால் குழி. அளவுக்கு மீறி நெய்தால் மேடு. பரு வடுக்களில் 80 முதல் 90 சதவீதம் வரை குழி வகையைச் சேர்ந்தவை என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன.

ஒரே அளவு பரு வந்த இருவரில் ஒருவருக்கு வடு விழுகிறது, மற்றவருக்கு விழுவதில்லை. ஏன்? இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடையைத் தந்தது. வடு விழாதவர்களின் பருவில் நோய் எதிர்ப்பு அமைப்பு தொடக்கத்திலேயே வலுவாகச் செயல்பட்டு விரைவில் அடங்கியது. வடு விழும் இயல்புள்ளவர்களிடம் அது மந்தமாகத் தொடங்கி, பரு ஆறும் கட்டத்திலும் தணியாமல் நீண்டது. அதாவது, அழற்சி எவ்வளவு கடுமை என்பதோடு, எத்தனை நாள் நீடிக்கிறது என்பதும் குழியின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. பருவை நகத்தால் கிள்ளுவதும் பிதுக்குவதும் கெடுதல் என்பதற்கும் காரணம் இதுவே. அழுத்தத்தில் சீழ் வெளியே வருவதைப் போலவே உள்ளேயும் சிதறுகிறது.

அதே லீட்ஸ் நகரில் 1994ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, நடைமுறைக்கு இன்னும் முக்கியமானது. பரு தொடங்கியதற்கும் முறையான சிகிச்சை கிடைத்ததற்கும் இடையே கழிந்த காலம், மூன்று ஆண்டுகள் வரையிலான அந்தத் தாமதம், வடுவின் அளவோடு தொடர்புடையது என்று அது கண்டது. பதின்பருவத்துப் பிள்ளையின் பருவை "படிப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் பெற்றோர், பிற்காலத்தில் பல மடங்கு செலவுக்கும் வலிக்கும் வழிவிடுகிறார்கள் என்பதே இதன் பொருள்.

கொல்கத்தாவும் தோல் மருத்துவமும்

இந்தியத் தோல் மருத்துவ வரலாற்றில் கொல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. 1835ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு அருகிலேயே, லியோனார்ட் ரோஜர்ஸின் முயற்சியால் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி உருவானது. 1920களில் அங்கு பணியாற்றிய கணபதி பாஞ்சா, தோலில் வாழும் மலசீஸியா என்ற பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துக்காட்டியதாக 1927ஆம் ஆண்டு அறிவித்தார். அந்தப் பூஞ்சை குறித்த உலக ஆய்வு வரலாற்றில் அவரது பெயர் இன்றும் இடம்பெறுகிறது. 1955ஆம் ஆண்டு முதல் கொல்கத்தாவிலிருந்து இந்தியன் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜி என்ற ஆய்விதழும் வெளிவருகிறது.

பாஞ்சா வளர்த்த பூஞ்சைக்கும் இன்றைய முகப்பருவுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. கொல்கத்தாவிலும் சென்னையிலும் நிலவும் புழுக்கமான தட்பவெப்பத்தில் மலசீஸியா மயிர்க்கால்களில் பெருகி, நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவிலான சிறு பொரிகளை உண்டாக்குகிறது. பார்ப்பதற்குப் பரு போலவே இருக்கும், ஆனால் அரிக்கும். கரும்புள்ளிகளோ வெண்புள்ளிகளோ உடன் இருப்பதில்லை. இதைப் பரு என்று கருதி ஆன்டிபயாட்டிக் மருந்துகளை நீண்ட நாள் உட்கொண்டால் நிலைமை மோசமாகும். பூஞ்சை எதிர்ப்பு மருந்தில் அது அடங்கிவிடும். மாதக்கணக்கில் பரு மருந்து பூசியும் குறையாமல் அரிப்புடன் தொடரும் பொரிகளுக்கு, மருத்துவரிடம் இந்தக் கேள்வியை எழுப்புவது நல்லது.

சிவப்பழகுக் களிம்பு என்னும் ஆபத்து

பரு வடுவைப் பற்றிப் பேசும்போது இந்தியாவில் ஒரு விஷயத்தைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்புகள்தான் அது. நாடு முழுவதும் 12 தோல் மருத்துவ மையங்களில் நடத்தப்பட்டு 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், முகத்தில் தோல் பாதிப்புடன் வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பைப் பூசி வந்தது தெரியவந்தது. அவர்களில் 29 சதவீதத்தினர் அதைச் சிவப்பழகுக் களிம்பாகவோ பொதுவான முகப்பூச்சாகவோ பயன்படுத்தினர். 24 சதவீதத்தினர் பருவுக்காகப் பூசினர். ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்லர். கடைக்காரர், தோழி, உறவினர், அழகு நிலையத்தார் என்று பட்டியல் நீளும்.

முதல் சில வாரங்களில் ஸ்டீராய்டு களிம்பு அற்புதம் செய்வதுபோலத் தோன்றும். சிவப்பு வடியும், பரு அடங்கும், முகம் வெளுத்துக்காணும். அதன் பிறகே விலை தெரியவரும். தோல் மெலியும், அடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவந்த கோடுகளாய் வெளித்தெரியும், பெண்களின் முகத்தில் பூனைமுடி அடர்ந்து வளரும், புதிய பருக்கள் கூட்டமாக வெடிக்கும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். பயந்து மீண்டும் பூசினால் அடங்கும். இந்தச் சுழலுக்கு ஸ்டீராய்டால் சேதமடைந்த, ஸ்டீராய்டைச் சார்ந்த முகம் என்ற பொருள்படும் பெயர் இந்திய மருத்துவ இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. கொல்கத்தாவைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள் கௌசிக் லாஹிரியும் அரிஜித் கூண்டுவும் 2016ஆம் ஆண்டு இந்தியன் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜியில் எழுதிய கட்டுரையில், இதைத் தோல் ஒரு மருந்துக்கு அடிமையாகும் நிலை என்றே விவரித்தனர்.

இந்தக் களிம்புகளில் பரவலாக விற்பனையாகும் ஒரு வகைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேனும் அவரது சகாவும் 1975ஆம் ஆண்டு ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், டெக்ஸாமெதசோன் ஆகிய மூன்றையும் கலந்து, கறையை வெளுப்பிக்கும் ஒரு கலவையை வெளியிட்டனர். மங்கு போன்ற கறைகளுக்கு, குறுகிய காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் பயன்பட வேண்டியது அந்த வகை மருந்து. பின்னர் இந்தியச் சந்தையில், டெக்ஸாமெதசோனுக்குப் பதில் மோமெட்டசோன் சேர்ந்த கலவைகள் பெருகி, கறைக்கும் பருவுக்கும் வடுவுக்கும் நிறத்துக்கும் ஒரே விடையாகக் கைமாறத் தொடங்கின.

இந்தியத் தோல், பால்வினை, தொழுநோய் மருத்துவர்கள் சங்கம் இதற்கென ஒரு தனிப் பணிக்குழுவை அமைத்து ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை அட்டவணை எச் பிரிவில் சேர்த்து, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. சட்டம் வந்துவிட்டது, கடைக்கண்ணியில் நடைமுறை வரவில்லை என்பதைச் சொல்ல ஆய்வு எதுவும் தேவையில்லை, தெருமுனை மருந்துக் கடையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

முகத்துக்கு வாங்கும் எந்தக் களிம்பின் குழாயிலும் மோமெட்டசோன், பீட்டாமெதசோன், குளோபெட்டசால், ஃபுளோசினோலோன், டெக்ஸாமெதசோன் ஆகிய பெயர்களுள் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது ஸ்டீராய்டு. பல மாதங்களாகப் பூசி வருபவர் திடீரென நிறுத்திவிட்டுத் தவிக்க வேண்டாம். தோல் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி, படிப்படியாக விலகுவதே வழி. இப்படி மெலிந்துபோன தோலில் லேசரோ ஊசிச் சிகிச்சையோ உடனே செய்ய முடியாது என்பதும் வடுவுக்காக வருவோர் அறிய வேண்டியது.

குழியின் வடிவம் முதலில்

குழி வடுக்களை மூன்று வகையாகப் பிரிக்கும் முறையை அமெரிக்க மருத்துவர்கள் ஜேக்கப், டோவர், காமினர் ஆகியோர் 2001ஆம் ஆண்டு முன்வைத்தனர். உலகெங்கும் இன்று அதுவே பயன்பாட்டில் உள்ளது.

முதல் வகை, ஐஸ் உடைக்கும் ஊசியால் குத்தியதுபோல் குறுகலாகவும் ஆழமாகவும் இறங்கும் குழி. வாய் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. கீழே செல்லச் செல்ல இன்னும் குறுகும். கன்னத்தில் விரிந்த துளைகள்போல் தெரிபவற்றில் பல இவையே. இரண்டாம் வகை, பெட்டி போன்ற குழி. விளிம்பு செங்குத்தாக வெட்டியதுபோல் இருக்கும். அடிப்பகுதி தட்டையாக இருக்கும். அம்மைத் தழும்பைப் பார்த்தவர்களுக்கு இதை அடையாளம் காண்பது எளிது. மாரியம்மனையும் வங்கத்தின் சீதளா தேவியையும் வேண்டிக்கொண்ட காலத்தில் பெரியம்மை தந்துவிட்டுப் போன பள்ளங்களுக்கும் இவற்றுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. சின்னம்மை விட்டுச்செல்லும் குழிகளுக்கு இன்றும் ஏறத்தாழ இதே சிகிச்சைகளே அளிக்கப்படுகின்றன. மூன்றாம் வகை, அலை போன்றது. விளிம்பு தெளிவாக இருக்காது. கன்னம் மேடும் பள்ளமுமாக அலையடிப்பதுபோல் தோன்றும். தோலுக்கு அடியில் நார்ப்பட்டைகள் அதைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருப்பதே காரணம். ஒருபக்கமாக வெளிச்சம் விழும்போது மிகுதியாகவும் நேர் வெளிச்சத்தில் குறைவாகவும் தெரிவதால், கைப்பேசிப் படத்தை மட்டும் நம்பி மதிப்பிட முடியாது.

பெரும்பாலோர் முகத்தில் மூன்றும் கலந்தே இருக்கும். எனவேதான், "பரு வடுவுக்கு லேசர்" என்று ஒரே மருந்தை எல்லோருக்கும் விற்கும் விளம்பரம் ஐயத்துக்குரியது. நல்ல மருத்துவர் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, கன்னத்தை இருவிரலால் இழுத்துப் பார்ப்பார். இழுத்தால் சமமாகும் குழி ஒரு வகை. இழுத்தாலும் அப்படியே நிற்கும் குழி வேறு வகை. குட்மன், பேரன் என்ற இரு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2006ஆம் ஆண்டு வகுத்த நான்கு நிலைகள் இதையே அடிப்படையாகக் கொண்டவை. நிறமாற்றம் மட்டும் இருப்பது முதல் நிலை. 50 சென்டிமீட்டர் தொலைவில் நின்று பார்க்கும்போது எளிதில் தெரியாதது இரண்டாம் நிலை. அந்தத் தொலைவில் தெரிந்தாலும் இழுத்தால் சமமாவது மூன்றாம் நிலை. இழுத்தாலும் மறையாதது நான்காம் நிலை. கண்ணாடியை மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு வருந்துவோருக்கு, எதிரில் நிற்பவர் கண்ணுக்குத் தம் முகம் எப்படித் தெரிகிறது என்பதை இந்த அளவுகோல் உணர்த்துகிறது.

எந்தக் குழிக்கு எது?

ஊசிக்குத்து போன்ற ஆழ்குழிக்கு லேசர் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. கதிர் எட்டாத ஆழத்தில் அதன் அடி இருக்கிறது. இதற்கு 2002ஆம் ஆண்டு கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட எளிய முறையே பரவலாகப் பயன்படுகிறது. 65 முதல் 100 சதவீதம் வரை செறிவுள்ள ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் கூர்மையான மரக்குச்சியின் முனையைத் தோய்த்து, குழிக்குள் மட்டும் வைத்து அழுத்துகின்றனர். நொடிகளில் அந்த இடம் வெண்பனிபோல் வெளுக்கும். பின்னர் பொருக்குத் தட்டி உதிரும். உள்ளே புதிய கொலாஜன் உருவாகி, வாரங்கள் செல்லச் செல்லக் குழி அடியிலிருந்து மேலெழும்பும். சில வார இடைவெளியில் பல முறை செய்ய வேண்டியிருக்கும். செலவு குறைந்த முறைதான். ஆனால் இதே செறிவுள்ள அமிலம் குழிக்கு வெளியே பட்டால் புதிய வடுவையே உண்டாக்கும். இணைய வணிகத் தளங்களில் அமிலத்தை வாங்கி வீட்டில் செய்து பார்க்கும் துணிச்சல் வேண்டாம். மிக ஆழமான தனிக்குழிகளைச் சிறிய வட்டக் கத்தியால் வெட்டி எடுத்து ஒரு தையல் போடுவதும் உண்டு.

பெட்டிக் குழி ஆழமாக இருந்தால், அதே வட்டக் கத்தியால் அடித்தளத்தை மட்டும் விடுவித்து, சுற்றியுள்ள தோலின் மட்டத்துக்கு உயர்த்திவிடலாம். ஆழம் குறைந்தவற்றுக்கு நுண்ணூசிச் சிகிச்சையும் லேசரும் பலன் தருகின்றன.

அலைக்குழிக்கு முதலில் செய்ய வேண்டியது, கீழே இழுக்கும் நார்ப்பட்டைகளை அறுப்பது. மரத்துப்போகும் ஊசி போட்டு, தோலுக்கு அடியில் கூரிய ஊசியையோ மழுங்கிய குழலையோ செலுத்தி, விசிறிபோல் அசைத்து அவற்றை விடுவிக்கின்றனர். அமெரிக்காவின் ஓரன்ட்ரைக் மருத்துவர்கள் 1995ஆம் ஆண்டு சப்சிஷன் என்று பெயரிட்டு இதை விவரித்தனர். ஒன்றிரண்டு வாரங்கள் கன்னத்தில் இரத்தக் கட்டு நீலம் பாரித்து நிற்கும். இழுத்துப் பிடிக்கும் பட்டைகளை அறுக்காமல் மேற்பரப்பில் எத்தனை முறை லேசர் அடித்தாலும் அலைக்குழி பெரிதாக மாறாது. மலிவான, பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படாத முறை என்பதாலோ என்னவோ, விளம்பரங்களில் இதன் பெயர் அரிதாகவே தென்படுகிறது.

நுண்ணூசிச் சிகிச்சை இந்தியத் தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. வடுவுக்கு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள ஊசிகளால் தோலில் நுண்துளைகளை இடுகின்றனர். மேல்தோல் அகற்றப்படுவதில்லை என்பதால் கறை படியும் அபாயம் குறைவு. மாதம் ஒரு முறை வீதம் மூன்று முதல் ஆறு முறை செய்வது வழக்கம். சிவப்பு இரண்டு நான்கு நாள்களில் அடங்கிவிடும். சொந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மாவை இதனுடன் சேர்ப்பது சற்றுக் கூடுதல் பலன் தரலாம். தனியாக அதை மட்டும் நம்புவதற்கில்லை. வீட்டில் பயன்படுத்த விற்கப்படும் உருளைகள் பரு உள்ள முகத்தில் கிருமியை ஓரிடத்திலிருந்து மறு இடத்துக்குப் பரப்பவே உதவும்.

2004ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மான்ஸ்டைனும் ஆண்டர்சனும் குழுவினரும் வெளியிட்ட புதிய கருத்து லேசர் சிகிச்சையை மாற்றியமைத்தது. முகத்தின் முழுப் பரப்பையும் சுடாமல், நுண்புள்ளிகளாக மட்டும் சுட்டு, இடையிடையே நலமான தோலை விட்டுவைத்தால் ஆறுவது விரைவாகும் என்பதே அது. கார்பன் டை ஆக்சைடு லேசரும் எர்பியம் லேசரும் இந்த முறையில்தான் இன்று வடுவுக்குப் பயன்படுகின்றன. பலன் நல்லது. ஆனால் நம் தோல் நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு: பொருக்கு ஒரு வாரத்தில் உதிர்ந்து முகம் தெளிந்ததுபோல் தோன்றிய பிறகு, மூன்றாவது நான்காவது வாரத்தில் கருமை படியலாம். பூஜைக்கு மூன்று வாரம் முன்பு லேசர் செய்துகொள்பவர் அஷ்டமி நாளன்று எதிர்கொள்வது அந்தக் கருமையைத்தான். மருத்துவர் ஆற்றல் அளவைக் குறைத்து, முறைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது இதனால்தான். வெயிலில் கறுத்த முகத்துடன் கடற்கரையிலிருந்து திரும்பியவுடன் லேசர் செய்யக் கூடாது.

நிரப்பு ஊசிகள் தற்காலிகமானவை. இரத்தக் குழாயில் தவறிப் புகுந்தால் மிக அரிதாகப் பார்வை இழப்பு வரை செல்லக்கூடியவை என்பதால், கைதேர்ந்த மருத்துவரிடம் மட்டுமே போட்டுக்கொள்ளலாம்.

தாடை, மார்பு, தோள் ஆகிய இடங்களில் தடித்துப் புடைக்கும் மேட்டு வடுக்களுக்கு வழி முற்றிலும் வேறு. அங்கே கொலாஜன் மிகுதி. அதனால் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டை வடுவின் உள்ளே ஊசியாகச் செலுத்துகின்றனர். முகமெங்கும் பூசினால் தீங்காகும் அதே வகை மருந்து, புடைத்த வடுவுக்குள் அளவாகச் செல்லும்போது சிகிச்சையாகிறது. கிலாய்டு வளரும் இயல்புள்ளவர்கள் அதைச் சொல்லாமல் மறைத்து எந்த ஊசி, லேசர் சிகிச்சைக்கும் உட்படக் கூடாது.

முதலில் பரு அடங்க வேண்டும்

புதிய பருக்கள் வந்துகொண்டிருக்கும் முகத்தில் பழைய குழியை நிரப்புவது, ஒழுகும் கூரையின் கீழ் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது. அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு ஆகிய இரண்டும் சேர்ந்த பூச்சு பருவை அடக்குவதோடு, 24 வாரப் பயன்பாட்டில் குழி வடுக்களின் எண்ணிக்கையையும் குறைத்ததாக 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

வடு விழும் அளவுக்குக் கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை இன்றும் வலிமையான மருந்து. அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு அனுமதி பெற்றது. உதடு வறட்சி ஏறத்தாழ எல்லோருக்கும் வரும். கல்லீரல், கொழுப்பு அளவுகளை இரத்தப் பரிசோதனையில் கண்காணிக்க வேண்டும். கர்ப்பிணி உட்கொண்டால் கருவுக்குக் கடும் ஊனம் உண்டாகும். மாத்திரை உட்கொள்ளும் காலத்திலும், நிறுத்திய பின் குறைந்தது ஒரு மாதத்துக்கும் கருத்தரிக்கக் கூடாது. தோழிக்கு எழுதித் தந்த மாத்திரையைப் பகிர்ந்துகொள்வது இந்த ஒரு காரணத்துக்காகவே பேராபத்து.

இந்த மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்தே வடுச் சிகிச்சை செய்ய வேண்டும் என்பது நெடுங்கால நியதியாக இருந்தது. 1980களில் தோலைச் சுரண்டும் சிகிச்சைக்குப் பின் சிலருக்கு வழக்கத்துக்கு மாறான வடுக்கள் விழுந்ததாக வெளியான குறிப்புகளே அதற்கு அடிப்படை. 2017ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வெளியான வழிகாட்டுதல்கள் அந்தத் தடையைத் தளர்த்தின. மேலோட்டமான அமிலப் பூச்சு, நுண்ணூசி, புள்ளி முறை லேசர் ஆகியவற்றைத் தள்ளிப்போடத் தேவையில்லை. முகம் முழுவதையும் உரிக்கும் லேசரையும் இயந்திரச் சுரண்டலையும் மட்டும் தவிர்த்தால் போதும் என்பது இப்போதைய நிலை. ஓராண்டுக் காத்திருப்பு என்பது, வடு புதிதாக இருக்கும் காலத்தை இழப்பதும்தான்.

வீட்டு வைத்தியமும் எதிர்பார்ப்பும்

1929ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பிறந்த போரோலின் களிம்பு வங்காளிகளின் வீட்டில் வெட்டுக்கும் வெடிப்புக்கும் கைமருந்து. நம் வீடுகளில் மஞ்சளுக்கும் சந்தனத்துக்கும் அந்த இடம். மேல்தோலில் பூசப்படும் எந்தக் கைமருந்தும் உள்தோலில் கரைந்துபோன கொலாஜனை எட்டுவதில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ளலாம். எலுமிச்சைச் சாறு இந்தப் பட்டியலில் சேராது. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்து, நீங்க நெடுநாளாகும் கருமை படியும்.

சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு: இதுவரை பூசிய களிம்புகள், வாயைச் சுற்றி அக்கி வந்த அனுபவம், உடலில் வேறெங்காவது தழும்பு தடித்து வளர்ந்ததா என்பது, கர்ப்பம் அல்லது அதற்கான திட்டம். அக்கி வந்தவர்களுக்கு லேசருக்கு முன் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தரப்படும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. என் முகத்தில் எந்த வகைக் குழி அதிகம், எத்தனை முறை செய்ய வேண்டும், மொத்தச் செலவு எவ்வளவு, இயந்திரத்தை இயக்கப்போவது மருத்துவரா உதவியாளரா? மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பொதுவாக இதை அழகுச் சிகிச்சை என்று கருதி ஏற்பதில்லை. எனவே "ஒரு முறைக்கு இவ்வளவு" என்ற விளம்பரத் தொகையை மட்டும் பார்த்துத் தொடங்கினால், ஆறாவது முறையில் கணக்கு வேறாக இருக்கும். கொல்கத்தாவின் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய அரசு நிறுவனங்களிலும், சென்னை உள்ளிட்ட தமிழக நகரங்களின் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் தோல் நோய்ப் பிரிவுகள் இயங்குகின்றன. பருவை அடக்கவும் வடுவின் வகையை அறியவும் அங்கிருந்தே தொடங்கலாம்.

எவ்வளவு மாறும்? குழி ஆழம் குறையும், விளிம்பு மழுங்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் குறையும். பரு வருவதற்கு முந்தைய முகம் திரும்புவதில்லை; "நூறு சதவீதம் போக்கித் தருகிறோம்" என்று உறுதி கூறுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். புதிய கொலாஜன் உருவாகி முதிர்வதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். அதனால் ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்டே முன்னேற்றத்தை மதிப்பிட வேண்டும். நாள்தோறும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. அடுத்த பூஜைக்கோ தீபாவளிக்கோ முகம் தெளிய வேண்டும் என்று விரும்புவோர், இந்த ஆண்டின் விழா முடிந்து வெயில் தணிந்திருக்கும் மாதங்களிலேயே முதல் முறையைச் செய்துகொள்வதுதான் கணக்குக்குச் சரியாக வரும்.